கணியம்பாடியில் நிற்காத பஸ்

எனக்கு வந்தது பயம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வருஷக்கணக்காக எல்லாரும் அதைப் பயம் என்றுதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நானே பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆரணியிலிருந்து வேலூருக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். வயது முப்பதைத் தொட்டிருந்தது. பட்டுச் சேலை மூட்டையோடு ஏறுகிற வியாபாரிகள், கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள், கல்யாணக் கூட்டம் என்று எங்கள் பஸ்ஸில் எந்நேரமும் நெரிசல்தான். அந்த நெரிசலுக்குள் நீந்திப் போய், ஒருத்தர் காலையும் மிதிக்காமல், ஒருத்தரையும் விடாமல் டிக்கெட் போட்டு முடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. காய்ச்சல் என்று படுத்தவன் இல்லை. வெளியில் பார்த்தால் நான் நல்ல திடகாத்திரமான ஆள்.

உள்ளே மட்டும் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்து நிமிர்வேன். நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். அவ்வளவுதான், சுவிட்ச் போட்ட மாதிரி இதயம் ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடுகிற கதையே கிடையாது. ஒரு நொடிக்கு முன்னால் சாதாரணமாக இருப்பேன், அடுத்த நொடி தொண்டைக்குழி வரைக்கும் துடிக்கும், சட்டைப் பொத்தான் ஆடும். பேசினால் வார்த்தை பாதியில் அறுந்துபோகும். சில சமயம் சட்டென்று விட்டுவிடும், சில சமயம் அரைமணி நேரம் ஆட்டி வைக்கும். போகும்போதும் அதே மாதிரி ஒரு துள்ளல், உடனே நிசப்தம். அதற்கப்புறம் மூத்திரம் வரும் பாருங்கள், குடம் குடமாக. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆரணியில் ஒரு டாக்டரிடம் சொன்னேன். நான் அவர் முன்னால் போய் உட்காருவதற்குள் எப்போதும் அது நின்றுபோயிருக்கும். அவரும் பாவம், குழாயை வைத்துக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பார். 

"நல்லாதானேப்பா இருக்கு? மனசுல ஏதோ பயம். நல்லா தூங்கு, சரியாப் பூடும்" என்று தூக்க மாத்திரை எழுதித் தருவார்.

வீட்டில் என் மனைவி கஸ்தூரி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது எனக்கு ஓட ஆரம்பித்தது. அவள் ஓடி வந்து என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். தலையை எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருந்தா நான் கைய புடிச்சிகினா அடங்கணும் இல்ல? இது என்னைக் கண்டுக்கவே இல்லியே. அது பாட்டுக்கு ஓடிகினு கீது. இது வேற இன்னாவோங்க" என்றாள்.

முதலாளிக்கோ வேறு கணக்கு. இரண்டு முறை நடுவழியில் முடியாமல் இறங்கி உட்கார்ந்திருக்கிறேன். பஸ் கண்டக்டர் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது முறை அவர் என்னைக் கூப்பிட்டு, கத்தாமல், அமைதியாகச் சொன்னார். "குணசேகரா, ஒடம்பு முடியலன்னா வேலய வுட்டுடு. இன்னொரு தபா வழில எறங்குனா பைய ஆபீஸ்ல குடுத்துட்டு வூட்டுக்குப் பூடு. எனக்குப் பேஜாரு வேணாம்."

அதனால்தான் அன்று காலை, கண்ணமங்கலம் தாண்டி அது ஆரம்பித்தபோது, நான் யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் போட்டேன். இதோ விட்டுவிடும், அடுத்த நிறுத்தத்துக்குள் விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடவில்லை. இதற்கு முன் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஓடியது. வேர்வை சட்டையை நனைத்து, பையின் வாரையும் நனைத்தது. முன்னால் நிற்கிறவர்களின் முகம் மங்கிக்கொண்டே போனது. மேல்கம்பியைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது.

கதவோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா ஒருத்திதான் முதலில் பார்த்தாள். "யோவ் டிரைவரு! கண்டக்டரு வுழறாருய்யா!" என்று அவள் போட்ட சத்தம் எனக்கு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

டிரைவர் மாணிக்கம் அண்ணன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் ஓடிவந்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். பல வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர்கள் நாங்கள். என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார்.

"இன்னாடா இது, ஆக்சிலேட்டரு மாட்டிகின மாதிரி கீது?"

"அண்ணே... வழில எறக்கி வுட்ராதீங்க. முதலாளி..."

"அடச்சீ, வாய மூடு. முதலாளியாம் முதலாளி."

அவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். "இதோ பாருங்க. இவன் நெலம சரியில்ல. வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நான் எங்கியும் நிறுத்தப்போறதில்ல. நடுவுல எறங்கற ஆளு இருந்தா இப்பவே எறங்கிக்கோங்க. பின்னாடி வர வண்டில வாங்க."

ஒருவரும் அசையவில்லை. பிறகு நடு சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவரோடு பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள். மடியில் தாம்பாளத் தட்டு, பழம், பூ, வெற்றிலை.

"நாங்க கணியம்பாடி போறோம். மாப்ள வூட்ல எங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். நேரம் குறிச்சிருக்காங்க" என்றார்.

அந்தப் பெரியவர் தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார், தரையில் கிடந்த என்னைப் பார்த்தார்.

"நல்ல காரியத்துக்குப் போறோம். வழில ஒரு மனுசன இந்த நெலமையில பாத்துகினே எறங்கி, அங்க போயி சம்மணம் போட்டு உக்கார முடியுமா? வண்டிய எடுப்பா. உன்கூடவே வேலூரு வந்துட்டுத் திரும்பறோம். ஜல்தி போ!"

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல், "போப்பா, நிறுத்தாத!"

பஸ் பறந்தது. கணியம்பாடி நிறுத்தத்தில் கூட்டமாக நின்றவர்கள் கை காட்டினதும், நிற்காமல் போனதும் திட்டினதும் எனக்கு அரைகுறையாகத் தெரிந்தது. யாரோ விசிறினார்கள். பூக்கார அம்மா பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை என் முகத்தில் தெளித்துக்கொண்டே வந்தாள். பட்டு வியாபாரி ஒருவர் என் பையைக் கழற்றித் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். சாவு வரப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தனியாகச் சாகப் போவதில்லை என்றும் தோன்றியது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய தைரியம் என்று இப்போது எழுதும்போதுகூட சரியாகச் சொல்ல வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி, என்னைக் கைகால் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. தமிழில் கொஞ்சம் மலையாள வாடை அடித்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "இது இப்போ ஓடிட்டே இருக்கா?"

"ஓடிகினுதான் இருக்கு டாக்டர்."

"நல்லது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துக்கொண்டிருக்கிறவனிடம் நல்லது என்கிறாரே! அவர் புரிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். "ஓடும்போதே வந்திருக்கீங்க இல்லையா? நின்ன பிறகு வந்தா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ கையும் களவுமா பிடிச்சிடலாம்."

இதற்கு முன் நான் ஈசிஜி பார்த்ததில்லை. கைகளிலும் கால்களிலும் ஈரத்துணி வைத்து, அதன் மேல் உலோகத் தகட்டை ரப்பர் பட்டையால் கட்டினார்கள். நெஞ்சில் குழகுழவென்று எதையோ தடவி, ரப்பர் உருண்டை மாட்டிய கிண்ணங்களை அமுக்கி ஒட்டினார்கள். பல்லி ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வலி துளியும் இல்லை. மெஷினிலிருந்து கோடு போட்ட காகிதம் நீளமாக வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நிமிஷத்துக்கு இருநூறுக்கு மேல அடிக்குது. பயம் இல்ல இது. இதயத்தில கரண்டு மாதிரி ஒண்ணு மேலேயிருந்து கீழே வரும், அது வந்தாதான் இதயம் ஒரு தடவை அடிக்கும். உங்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி கூடுதலா இருக்கு. கீழே வந்த கரண்டு அது வழியா மறுபடி மேலே ஏறி, சுத்திட்டே இருக்கு. அந்த சுத்தலை ஒரே ஒரு தடவை அறுத்தா போதும், தானா சரியாகும்."

"பயம் இல்லியா டாக்டர்?" என்று மறுபடி கேட்டேன். நெஞ்சு அந்த ஓட்டம் ஓடும்போதும் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

"இல்லை. பயந்தா இவ்வளவு வேகமா, இவ்வளவு ஒழுங்கா அடிக்காது."

அந்தச் சுற்றலை அறுக்கிற வேலை ஆரம்பித்தது. முதலில் என் கழுத்தின் ஒரு பக்கம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தார். கண் ஈசிஜி மேலேயே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து ரத்தக்கொதிப்பு பார்க்கிற கருவியின் ரப்பர் குழாயை என் வாயில் கொடுத்து, "ஊதுங்க. பாதரசம் இந்தக் கோடு வரைக்கும் ஏறணும், ஏறினது இறங்காம பிடிச்சு வைக்கணும்" என்றார். ஊதினேன். கண் பிதுங்கியது. பாதரசம் நின்றது, என் நெஞ்சு நிற்கவில்லை.

பிறகு ஒரு பேசினில் ஐஸ் போட்ட தண்ணீர் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து முகத்தை அதற்குள் முக்கச் சொன்னார்கள். முக்கினேன். சட்டென்று அந்தப் பழைய துள்ளல்! நின்றுவிட்டது! தலையைத் தூக்கி "நின்னுட்டுது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த ஏமாற்றம் மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததே இல்லை. அழுதேவிட்டேன். சிஸ்டர் என் முகத்தைத் துடைத்துவிட்டார். தண்ணீரைத் துடைத்தாரா கண்ணீரைத் துடைத்தாரா, தெரியாது.

அப்புறம் கையில் ஊசி. நரம்புக்குள் மெதுவாக, மிக மெதுவாகப் போட்டார்கள். கை வழியாகச் சூடு ஏறியது. அந்த மருந்து பலருக்கு உடனே கேட்குமாம். எனக்கு அது ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கிவிட்டதே தவிர ஓட்டத்தை நிறுத்தவில்லை. கை கால் ஜில்லிட்டது. அறை இருண்டது. டாக்டரம்மாவின் குரல் மட்டும் மாறாமல் இருந்தது. அவசரம் இருந்தது, பதற்றம் இல்லை.

"இனி தாமசிக்க வேண்டாம். கரண்டு வச்சு ஒரே ஒரு அடி. உங்களுக்கு மயக்கம் கொடுத்துட்டுதான் செய்வோம், வலி தெரியாது. யாரு வந்திருக்கா கூட?"

மாணிக்கம் அண்ணன் உள்ளே வந்தார். கையெழுத்துக் கேட்டார்கள். "இவருக்கு நீங்க என்ன உறவு?"

"அண்ணன்" என்றார், யோசிக்காமல். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டார். என் காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே போனார். 

ஊசி போட்டதும் கண் சொருகியது. "யாரும் கட்டிலைத் தொடாதீங்க" என்று டாக்டரம்மா சத்தமாகச் சொன்னதுதான் கடைசியாகக் கேட்டது.

கண் விழித்தபோது முதலில் எனக்குத் தெரிந்தது அமைதி. நெஞ்சுக்குள் எதுவுமே இல்லை. காலையிலிருந்து காதுக்குள்ளேயே இடித்துக்கொண்டிருந்தது, இப்போது ஒரு சத்தமும் இல்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். 

"சிஸ்டர், நின்னுட்டுதா? என் நெஞ்சு நின்னுட்டுதா?"

அவர் என் வலது கை விரல்களை எடுத்து என்னுடைய இடது மணிக்கட்டிலேயே வைத்தார். "நீங்களே பாருங்க."

லப். கொஞ்சம் இடைவெளி. லப். மறுபடி இடைவெளி. இரண்டு துடிப்புக்கு நடுவே அவ்வளவு நேரம் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். நெஞ்சில் கரண்டு வைத்த இடம் வெயிலில் கன்றிய மாதிரி சிவந்து எரிந்தது. அதுவும் நல்லாயிருந்தது.

வெளியே என்ன நடந்ததென்று மாணிக்கம் அண்ணன்தான் பிறகு சொன்னார். நிச்சயதார்த்தக் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்ததாம். "பொழச்சிகினான்" என்று அவர் வந்து சொன்ன பிறகுதான், "அப்ப வண்டிய திருப்பு" என்றார்களாம். அவர்களைக் கணியம்பாடியில் இறக்கிவிட்டு, ஆரணி போய், கஸ்தூரியை அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அவள் வார்டுக்குள் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முதலில் செய்த மாதிரியே நெஞ்சில் காது வைத்தாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. அப்புறம் சொன்னாள், "பயம்னு இனிமே எவனாவது சொல்லட்டும், நான் பேசிக்கிறேன்."

சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வெம்பாக்கத்து விவசாயி ஒருவர். அவருக்கு நேர்மாறான வியாதி. இதயம் மிக மெதுவாக அடித்ததால் அடிக்கடி மயங்கி விழுவாராம். நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி வைத்து அதைத் தட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்றார். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, நீ ஓடற ஓட்டத்துல எனக்குப் பாதி குடேன், ரெண்டு பேரும் ஒண்ணாவே வூட்டுக்குப் போவலாம்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தார். இதயம் அது பாட்டுக்கு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த விவசாயிக்கும் நான் கிளம்புவதற்குள் பெட்டி வைத்துவிட்டார்கள். முகத்தில் ரத்தம் ஏறி, பத்து வயசு குறைந்து உட்கார்ந்திருந்தார்.

நிச்சயதார்த்தத்துப் பெரியவரும் ஒருநாள் சாத்துக்குடியோடு வந்தார். "நேரம் தப்பிப்போச்சேன்னு பயந்துகினே போனோம். வெவரத்தச் சொன்னதும் மாப்ளயோட அம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? இந்த மாதிரி மனுசங்க வூட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்னு சொல்லிடுச்சு" என்றார்.

பில் நான் பயந்த அளவு வரவில்லை. பஸ் கம்பெனி ஆட்கள் சேர்ந்து கொடுத்தார்கள், மீதியைக் கஸ்தூரி எப்படியோ சமாளித்தாள். எனக்கு இருந்த பெரிய பயம் முதலாளிதான். அவர் வந்தார். என்னிடம் பேசாமல் நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

"உண்மைய சொல்லுங்கம்மா. இவனுக்கு நெஜமாவே வியாதியா?"

"நெஜமாவே வியாதிதான். இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா இங்கே நீங்க வேற மாதிரி வந்திருப்பீங்க."

முதலாளி கேட்டார். "அப்ப வேலைக்கு ஆவுமா, ஆவாதா?"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா கண்டக்டர் வேலைக்குத் தாராளமா போகலாம். ஆனா பஸ் ஓட்டக்கூடாது. ஸ்டியரிங் பிடிக்கும்போது வந்தா ஆபத்து."

அது எனக்கு விழுந்த அடி. நான் அப்போது மாணிக்கம் அண்ணனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். கனரக லைசென்ஸ் எடுத்து டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை அந்த வார்டிலேயே முடிந்தது. அதற்கப்புறம் வேலையில் இருந்தவரைக்கும் டிரைவர் சீட்டைத் துடைக்கிற சாக்கில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குவேன். ஆனால் அன்றைக்கு அழவில்லை. பஸ்ஸில் எத்தனை பேர் டிரைவரை நம்பி உயிரை ஒப்படைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்த வாரம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முதலாளி என்னிடம் வந்து, "ரெஸ்ட்டு எடுத்துகினு வா. உன் வண்டி உனுக்குதான்" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

கிளம்பும் அன்று டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். எங்கே இருந்தாலும் முதலில் உட்கார வேண்டும். மூக்கை மூடி, வாயை மூடி, மலம் கழிக்க முக்குகிற மாதிரி வயிற்றை இறுக்கி முக்க வேண்டும். கழுத்தை மட்டும் நானாக அழுத்தவே கூடாது, அது டாக்டர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. ஒன்றிரண்டு முறை செய்தும் அடங்காவிட்டாலோ, கண் இருண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. என்னைப் போல் யாருக்காவது இருந்தால் நான் சொல்வதும் இதுதான்: நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடும்போதே போய்க் காட்டுங்கள்.

வேலைக்குத் திரும்பி இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு மத்தியான டிரிப். பஸ் நிறையக் கூட்டம். பின் சீட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். துள்ளல். ஓட ஆரம்பித்துவிட்டது.

வியர்த்தது, உண்மைதான். ஆனால் இந்த முறை அது யாரென்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி என் சீட்டில் உட்கார்ந்தேன். மூக்கைப் பிடித்து முக்கினேன். கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் பலமாக, காது அடைக்க முக்கினேன்.

ஒரு துள்ளல். பிறகு அந்த அமைதி. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். லப். இடைவெளி. லப்.

எதிரில் நின்ற ஒருவர் விசித்திரமாகப் பார்த்தார். "இன்னா கண்டக்டரே, மூக்கப் புடிச்சிகினு உக்காந்துகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க எங்க போவணும்?"

"கணியம்பாடி."

டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். கணியம்பாடி வந்ததும் பஸ் நின்றது, அவர் இறங்கினார், ஒரு குடும்பம் ஏறியது. கண்ணாடியில் மாணிக்கம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"போலாம், ரைட்!"